ஃபெஸ் நகரத்து மூன்றாம் நாள்

வருகிற ஏப்ரல் மாதத்தில், இறைவன் திருவுளமானால், மொரோக்கோ நாட்டின் ஃபெஸ் நகருக்குச் சென்று ஐந்து நாள்கள் தங்கி வர எண்ணியிருக்கிறேன். ரோமாபுரிக்கோ, லூர்து நகருக்கோ, புனித நாட்டுக்கோ போவதாகச் சொல்லியிருந்தால் பங்கு மக்கள் மாலையிட்டு வழியனுப்பியிருப்பார்கள். மொரோக்கோ என்றதும், "அங்கே என்ன சார் இருக்கிறது?" என்றே எல்லாரும் கேட்கிறார்கள். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் ஒருவனுக்கு இத்தகைய கேள்வி கரும்பு தின்னக் கூலி கொடுப்பது போன்றது. ஆனால் நான் விடை சொல்லத் தொடங்கியதும் கேட்டவருக்குப் பேருந்து வந்துவிடுகிறது. ஆகவே இங்கே எழுதுகிறேன். இதழைக் கையில் வைத்திருப்பவர் சற்று நேரமாவது உட்கார்ந்திருப்பார் என்பது என் நம்பிக்கை.

ஃபெஸ் நகரை எனக்குக் காட்டிக் கொடுத்தது நம்முடைய மதுரை. 14ஆம் நூற்றாண்டில் மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரு சுல்தான் அரசு நிலவியது. அதன் நாள்களை அருகிருந்து கண்டு சொல்லி வைத்தவர் ஒரு மொரோக்கோக்காரர். தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்து, 1325இல் மக்காவை நோக்கிப் புறப்பட்டு, அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஊர் ஊராய் அலைந்த இப்னு பதூதாவே அவர். டில்லியில் முகமது பின் துக்ளக்கிடம் நீதிபதியாக இருந்தார். மாலத்தீவிலும் அதே பதவியை வகித்தார். இலங்கையில் ஆதாம் மலை ஏறினார். அங்கிருந்து தமிழ்க் கரைக்கு வரும் வழியில் கப்பல் உடைந்தது. இரவு முழுவதும் உடைந்த கலத்தின் பின்பகுதியைப் பற்றிக்கொண்டு கிடந்தவரைக் காலையில் படகில் வந்து கரை சேர்த்தவர்கள் இந்தக் கரையோரத்து மக்களே.

மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் அவருக்கு உறவுமுறை. சுல்தானின் மனைவியுடைய சகோதரியை இவர் டில்லியில் மணந்திருந்தார். ஆயினும் அந்த உறவுக்காக அவர் எதையும் மறைக்கவில்லை. சிறைப்பட்டவர்களையும், அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் சுல்தான் கழுவேற்றிய கொடுமையைக் கண்டதைக் கண்டபடி சொல்லி, வேறு எந்த அரசரிடத்தும் இப்படியோர் இழிசெயலைத் தாம் கண்டதில்லை என்று கண்டித்திருக்கிறார். பின்னர் மதுரையில் கொள்ளைநோய் பரவியது. சுல்தானின் தாயும் மகனும் இறந்தனர், சுல்தானும் மாண்டார். இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் தாக்கிற்று. அவர் பிழைத்த விதத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கடைசி வரிசை மாணவரும் நிமிர்ந்து உட்காருவர். இந்நாட்டில் மலிந்து கிடக்கும் புளியை ஒரு பிடியல்ல, பல பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாராம். மூன்று நாள் வயிறு கழன்று, காய்ச்சல் தணிந்து எழுந்தாராம். நம் பாட்டிமார் கைமருந்து ஒன்று உலகப் புகழ் பெற்ற நூலில் ஏறிவிட்டது!

அந்த நூல் உருவான இடந்தான் ஃபெஸ். ஊர் திரும்பிய முதியவரை அழைத்து, கண்டதையெல்லாம் சொல்லச் செய்து, இப்னு ஜுஸை என்ற எழுத்தரைக் கொண்டு எழுதுவித்தவர் மரீனிய சுல்தான் அபூ இனான். 1355ஆம் ஆண்டு டிசம்பரில் வேலை முடிந்தது. சொன்னதை எல்லாரும் நம்பினார்களா என்றால் அதுதான் இல்லை. பேரறிஞர் இப்னு கல்தூன் அப்போது அதே நகரில் இளைஞராய் இருந்தார். அரண்மனையில் பலர் இக்கிழவர் பொய் சொல்கிறார் என்று முணுமுணுத்ததாகவும், தாமும் அவ்வாறே ஐயுற்று அமைச்சர் ஒருவரிடம் சொன்னதாகவும், அமைச்சர் ஒரு கதையால் தம்மைத் திருத்தியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். தந்தையோடு சிறையில் வளர்ந்த சிறுவன் ஒருவன் எலியைத் தவிர வேறு விலங்கைக் கண்டதில்லை. ஆட்டிறைச்சி என்று தந்தை சொன்னபோது, ஆடு என்பது எலியைப் போன்றதா என்று கேட்டானாம். காணாததைப் பொய் என்று தள்ளாதே என்பது அமைச்சரின் கருத்து. மதுரைக்கு நாற்பது கல் தொலைவில் பிறந்த என்னைப் போன்ற ஒருவனுக்கு, நம் ஊர்ப் புளிக்கரைசலைப் பற்றி அந்த நகரத்தில் நின்று ஒருவர் சொல்ல, மற்றவர் நம்பாமல் சிரித்திருப்பர் என்று நினைக்கும்போதே அங்கே போய்ப் பார்க்க வேண்டுமென்ற ஆவல் எழுந்தது. அது எழுந்து பல ஆண்டுகள் ஆயின. வளைகுடாவில் செவிலியாகப் பணிபுரியும் என் மகள், "இனியும் தள்ளிப் போட்டால் முழங்கால் ஒத்துழைக்காது அப்பா" என்று சொல்லி, பயணச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டதால் இப்போது கைகூடுகிறது.

முழங்காலைப் பற்றி அவள் சொன்னது வேடிக்கைக்கன்று. ஃபெஸ் நகரம் ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் அமைந்தது. ஆற்றின் கிழக்குக் கரையில் 789ஆம் ஆண்டளவில் முதலாம் இத்ரீசும், மேற்குக் கரையில் 809ஆம் ஆண்டளவில் அவர் மகன் இரண்டாம் இத்ரீசும் குடியேற்றம் அமைத்தனர். ஸ்பெயினின் கோர்தோபாவில் 818இல் கலகம் செய்து துரத்தப்பட்டவர்கள் வந்து கிழக்குக் கரையில் அமர்ந்தனர். துனீசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் மேற்குக் கரையில் அமர்ந்தனர். அகதிகளால் உண்டான நகரம் எனலாம். இரண்டு கரைகளும் இரண்டு ஊர்களாய், தனித்தனி மதிலோடு, அவ்வப்போது சண்டையும் இட்டுக்கொண்டு இருந்தன. 11ஆம் நூற்றாண்டில் அல்மொராவிதுகள் இடை மதில்களை இடித்து ஒன்றாக்கினர். 1276இல் மரீனியர் அருகே ஒரு புதிய அரசநகரைக் கட்டினர். 1912இல் பிரெஞ்சுக்காரர் வந்தபோது பழைய நகரை இடிக்காமல் விட்டுவிட்டு, தள்ளி ஒரு புதுநகரைச் சமைத்துக்கொண்டு, தலைநகரை ரபாத்துக்கு மாற்றினர். தலைமை போயிற்று, பழைய நகரம் பிழைத்தது. யுனெஸ்கோ நிறுவனம் 1981இல் அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இன்றைக்கும் அப்பழைய நகருக்குள் கார் புகாது. சந்துகள் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல் என்பார்கள். எண்ணியவர் யாரோ, அவர் பொறுமைக்கு வணக்கம். சரக்கெல்லாம் கழுதை மீதும் கோவேறு கழுதை மீதும் ஏறிச் செல்லும். பின்னாலிருந்து "பாலக்!" என்ற குரல் கேட்டால் உடனே சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், "ஒதுங்கு" என்று பொருளாம். பூ ஜலூத் என்ற வாயிலில் தொடங்கும் இரு பெருந்தெருக்களும் நகரின் நடுவை நோக்கிச் சரிந்து இறங்குகின்றன. காலையில் இறங்குவது எளிது. மாலையில் ஏறித் திரும்ப வேண்டுமே! எனவே தங்குமிடத்தை மேட்டிலா பள்ளத்திலா பிடிப்பது என்று மகளும் நானும் ஒரு வாரம் தொலைபேசியில் விவாதித்தோம். மேட்டில், வாயிலுக்கு அருகே, நடுமுற்றம் உள்ள ஒரு பழைய வீட்டில் என்று முடிவாயிற்று. இத்தகைய முற்ற வீடுகளை ரியாத் என்கிறார்கள். தெருவுக்கு வெறுஞ்சுவரையும் உள்ளே மரஞ்செடியையும் காட்டும் வீடுகள். செட்டிநாட்டு வளவு வீட்டைப் பார்த்தவர்களுக்கு முற்றத்தின் அருமை விளங்கும்.

மற்ற ஏற்பாடுகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். இந்தியருக்கு விசா வேண்டும். வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறிக் காசாபிளாங்காவில் இறங்கி, ரயிலில் நான்கு மணி நேரம் போனால் ஃபெஸ் வரும். அந்நாட்டு திர்ஹாம் நாணயத்தை இங்கே வாங்கிக்கொண்டு போக இயலாது. அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும். கோடையில் வெயில் நம் ஊரையே தோற்கடிக்கும், குளிர்காலத்தில் கல்வீடு நடுக்கும் என்பதால் ஏப்ரல். ரமலான் நோன்பு மாதம் அதற்குள் முடிந்துவிடும். நோன்பிருப்பவர் முன்னே தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நிற்கும் சங்கடம் இராது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் பழைய நகரத்துக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். அன்று நடக்கலாம், வாங்க முடியாது. என் பணப்பைக்கு ஏற்ற நாள். ஞாயிறு திருப்பலிக்குப் புதுநகரில் பிரெஞ்சுக்காரர் காலத்து ஆலயம் ஒன்று உண்டு. மொரோக்கோவின் சிறிய கத்தோலிக்கக் குடும்பத்தில் சகாராவுக்குத் தெற்கேயிருந்து படிக்க வந்த மாணவர்களே மிகுதி என்று படித்திருக்கிறேன். அவர்களோடு சேர்ந்து முழந்தாளிடப் போகிறேன்.

என் குறிப்பேட்டில் முதல் நாளுக்கு நேரே, அபூ இனான் எழுப்பிய கல்விச்சாலை என்று எழுதியிருக்கிறது. இப்னு பதூதாவைப் பேச வைத்த அதே சுல்தான், அதே ஆண்டுகளில் கட்டியது. செதுக்கிய தேவதாரு மரம், சுதைப் பூவேலை, வண்ண ஓட்டுப் பதிப்பு என்று மூன்று கைவினைகளும் அங்கே உச்சத்தில் நிற்கின்றன என்பர். பிற சமயத்தவரும் அதன் முற்றத்தில் நின்று பார்க்கலாம். எதிரே 1357இல் அமைந்த நீர்க்கடிகார வீடு ஒன்றின் சுவரும் உத்தரங்களும் இருக்கின்றன. கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது. அது எவ்வாறு இயங்கிற்று என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் அல் கரவிய்யீன். இந்தப் பள்ளிவாசலை 859ஆம் ஆண்டு பாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி, தந்தை விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டு எழுப்பினார் என்பது மரபு. பழுது பார்த்தபோது கிடைத்த கல்வெட்டொன்று 877ஆம் ஆண்டையும் வேறொரு இளவரசரின் பெயரையும் தருவதால் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம் உண்டு. எனக்கும் கல்வெட்டின் மீதே நம்பிக்கை அதிகம். ஆனாலும் ஊர் மக்கள் ஆயிரம் ஆண்டுகளாக நன்றியோடு நினைப்பது அகதியாய் வந்த ஒரு பெண்ணைத்தான். பள்ளிவாசலாகத் தொடங்கிப் பல்கலைக்கழகமாக வளர்ந்த அந்த இடத்தின் நூலகத்தில், இப்னு கல்தூன் தம் வரலாற்று நூலின் படியை 1396இல் தாமே அளித்தது இன்றும் பேணப்படுகிறது. சிதைந்து கொண்டிருந்த அந்நூலகத்தைச் செப்பனிட்டு 2016இல் மீட்டுத் தந்தவரும் ஒரு பெண்; ஃபெஸ் நகரிலேயே பிறந்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷவூனி.

இத்தனையும் தெரிந்து என்ன? பள்ளிவாசலுக்குள் நான் போக முடியாது. மொரோக்கோவில் மிகச் சிலவற்றைத் தவிர எந்தப் பள்ளிவாசலுக்குள்ளும் முஸ்லிம் அல்லாதவர் நுழைவதில்லை. பிரெஞ்சு ஆளுநர் லியோத்தே காலத்தில் உறுதியான விதி இது. தம் படைவீரரும் அலுவலரும் பிறர் வழிபாட்டிடத்தில் காலணியோடு புகுந்து கலகம் விளைக்கலாகாது என்று கருதி வகுத்தது. விடுதலைக்குப் பின்னும் மக்கள் அதை விடவில்லை. கரவிய்யீனைச் சுற்றி வரும் சந்துகளில் வாசல்கள் திறந்திருக்கும் என்றும், வாசற்படியில் நின்றால் முற்றமும் நீரூற்றும் கை கால் கழுவும் மனிதரும் தெரியும் என்றும், சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்றும் போய் வந்தோர் எழுதுகிறார்கள். இத்ரீசின் அடக்கத்தலத்தைச் சூழ்ந்த சந்துகளிலோ குறுக்கே ஒரு மரக்கட்டையே பொருத்தியிருக்கிறது. சுமை விலங்குகள் அதைத் தாண்டா. ஒரு காலத்தில் வேற்றுச் சமயத்தாரும் அந்தக் கட்டையோடு நின்றனர். இன்று அந்த அளவு கண்டிப்பு இல்லை.

"இவ்வளவு செலவு செய்து வாசற்படியில் நிற்கவா?" என்று கேட்டார் என்னுடன் பணியாற்றிய தமிழாசிரியர். அவரும் நானும் மதுரைக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற நாள்களில், மீனாட்சி அம்மன் கோயிலில் கொடிமரம் வரை ஒன்றாக நடப்போம். அதற்கப்பால் அவர் போவார். நான் தூண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். திரும்பி வந்து என் கையில் குங்குமப் பொட்டலத்தைத் தந்து, "வீட்டில் கொடுங்கள்" என்பார். நின்றதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. பிறர் தம் கடவுளோடு தனித்திருக்கும் இடம் ஒன்று இருக்கட்டும் என்றே தோன்றியிருக்கிறது. ஆகவே இரண்டாம் நாளைப் பற்றி எனக்குக் கலக்கம் இல்லை.

நான்காம் நாளில் ஆற்றைக் கடந்து கோர்தோபா அகதிகளின் பகுதியும், 1438இல் உண்டான யூதர் குடியிருப்பும். ஐந்தாம் நாள் ஓய்வு, பொருள்கள் வாங்குதல், பெட்டி கட்டுதல். இடையில் உள்ள மூன்றாம் நாளுக்கு நேரே ஒரே ஒரு சொல்லை எழுதி, அடித்து, மறுபடி எழுதி வைத்திருக்கிறேன். ஷுவாரா.

ஷுவாரா என்பது ஃபெஸ் நகரின் பெரிய தோல் பதனிடும் களம். ஆற்றை ஒட்டி, வீடுகள் சூழ, தேன்கூட்டின் அறைகளைப் போல அடுக்கடுக்காய்க் கல்தொட்டிகள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கரைத்த நீர். மற்றவற்றில் செம்மை, மஞ்சள், நீலம், பழுப்பு. ஆடு, மாடு, ஒட்டகம் இவற்றின் தோல்களைத் தொட்டிக்குள் இறங்கிக் காலால் மிதித்தும் கையால் புரட்டியும் பக்குவம் செய்கிறார்கள். இடைக்காலத்திலிருந்து தொடரும் முறை இது. மொராக்கோ என்று பெயர் பெற்ற ஆட்டுத்தோலால் ஐரோப்பியர் தம் உயர்ந்த நூல்களுக்கெல்லாம் மேலட்டை கட்டினர். நம் பழைய ஆலயங்களின் பீடத்தில் இருந்த இலத்தீன் பூசைப் புத்தகங்கள் சிலவற்றுக்கும் அவ்வகைக் கட்டுத்தான். களத்தைச் சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடங்களில் பயணிகள் ஏறி நின்று கீழே பார்த்துப் படம் எடுப்பார்கள். ஏறும்போதே கடைக்காரர் ஆளுக்கு ஒரு கொத்துப் புதினா தருவார், வாடை தாங்காதவர் மூக்கில் வைத்துக்கொள்ள. ஃபெஸ் பற்றிய எந்தக் கையேட்டைத் திறந்தாலும் அந்த மாடமும் அந்தப் புதினாவும் உண்டு.

என் தந்தையார் திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். பதினான்கு வயதில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர், ஐம்பத்தெட்டில் இருமலோடு வீட்டுக்கு வந்தார். ஊறிய தோலிலிருந்து மயிர் நீக்குவதும், சவ்வு வழிப்பதும், ஆவாரம்பட்டைச் சாற்றில் புரட்டுவதும், கடுக்காய் நீரில் போடுவதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பார்க்க அவர் விட்டதில்லை. சோறு கொண்டு போனால் வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது கட்டளை. சுண்ணாம்பு தின்ற நகங்களும், மணிக்கட்டு வரை ஏறி வெளுக்காத பட்டைக் கறையும் நினைவில் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் கோவிலுக்கு வருவார். வந்தும் உள்ளே உட்கார மாட்டார். பக்கவாசலை ஒட்டிய கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றே பூசை காண்பார். யாரும் அவரை அங்கே நிறுத்தவில்லை. வாடை அடுத்தவருக்கு எட்டக்கூடாது என்று தாமே நின்றுகொண்டார். நற்கருணை வாங்கப் போகும்போது கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார்.

என் தமக்கையார் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அம்மா நோயில் விழுந்த பின் அப்பாவின் உடுப்புகளைத் தனியே ஊறவைத்துத் துவைத்தவர் அவரே. குறிப்பேட்டை வாசித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். மதுரைப் புளி அவருக்குப் பிடித்திருந்தது. கார் இல்லாத ஊர் பிடித்திருந்தது. மூன்றாம் நாளுக்கு வந்ததும் கையமர்த்தினார்.

"தம்பி, அந்தக் குழியைவிட்டு நீ வெளியே வரணும்னுதானே அப்பா நாற்பது வருஷம் அதுக்குள்ள நின்னாரு? காசு குடுத்து, பிளேன் ஏறி, மாடியில நின்னு அதையே வேடிக்கை பார்க்கப் போறியா? மூக்குக்குப் புதினா வேற!"

நான் விடை சொல்லவில்லை. எத்தனையோ மேடைகளில் பேசியவன். அன்று சொல் வரவில்லை.

பின்னர் பல நாள் இதை எண்ணிப் பார்த்தேன். மூன்றாம் நாளைக் குறிப்பேட்டிலிருந்தே நீக்கிவிடலாம். இன்னொரு கல்விச்சாலையைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அதுவும் ஒருவகையில் மூக்கைப் பொத்திக்கொள்வதே ஆகும். நகரின் மரவேலையையும் ஓட்டுவேலையையும் ஏட்டுச் சுவடியையும் பார்ப்பேன், அந்தச் சுவடிக்கு மேலட்டை தந்தவனை மட்டும் பார்க்க மாட்டேன் என்பது என்ன நியாயம்? திண்டுக்கல் தொழிலாளர் படும் பாட்டையும், அவர்கள் சங்கமாய்த் திரண்டதையும் டி. செல்வராஜ் 'தோல்' என்று ஒரு பெரிய நாவலாக எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அதை என் தமக்கையாருக்கு நான் இரவு தோறும் வாசித்துக் காட்டியதுண்டு. பல பக்கங்களில் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். ஆனால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து வாசிக்கச் சொல்வார். அப்போது அது வேடிக்கையாக இல்லையே.

இரு ஊர்களையும் ஒன்றெனக் காட்டவும் எனக்கு உரிமை இல்லை. தண்ணீர் கெட்டது இரண்டுக்கும் பொது. தமிழகத்துத் தோல் ஆலைகளின் கழிவைப் பற்றி உச்சநீதிமன்றம் 1996இல் கடுந்தீர்ப்பு அளிக்கும் அளவுக்கு நம் கிணறுகள் கெட்டன. ஃபெஸ் நகரின் கழிவைச் சுமந்து அங்கே சேபூ ஆறு கெட்டது. ஆனால் நம் நாட்டில் இத்தொழிலோடு பிறப்பையும் கட்டி வைத்தோம். அந்தக் கட்டு அங்கே இதே வடிவில் இருந்ததாகத் தெரியவில்லை. அரபு மொழியில் தப்பாக் என்றால் தோல் பதனிடுபவர் என்று பொருள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபெஸ் நகரில் வாழ்ந்து மறைந்த புகழ்பெற்ற சூஃபி ஞானி அப்துல் அசீஸ் அத் தப்பாக். நபியின் வழிவந்ததாகப் போற்றப்படும் குடும்பத்தவர். அக்குடும்பத்தின் பெயரோ 'தோல் பதனிடுபவர்.' அந்தப் பெயரை மறைக்க வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நம் திருத்தூதர் பணிகள் நூலிலும் யோப்பா நகரில் பேதுரு பல நாள் தங்கியிருந்தது தோல் பதனிடும் சீமோன் என்பவருடைய வீட்டிலேதான். கடற்கரை ஓரத்து வீடு. கோவிலில் எத்தனையோ முறை அந்த வாசகத்தை நானே படித்திருக்கிறேன். தூணுக்குப் பின்னால் நின்ற என் தந்தையார் அதைக் கேட்டு என்ன நினைத்தார் என்று கேட்டறியும் வாய்ப்பு இனி இல்லை.

மாடத்துக்கு ஏறுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அது கடைக்காரருடைய மாடம், தொட்டியில் நிற்பவருடையதன்று. களத்துக்குத் தரையோடு செல்லும் வழியும் உண்டென்று அறிகிறேன். காலையில், கூட்டம் சேருமுன், வாசலில் நின்று அனுமதி கேட்பேன். தந்தால் போவேன், இல்லையென்றால் கரவிய்யீன் வாசலில் நின்றது போல இங்கும் நின்றுவிட்டுத் திரும்புவேன். புகைப்படக் கருவியை அறையிலேயே வைத்துவிடுவேன். புதினாவைத் தேநீரில் போட்டுத் தந்தால் மகிழ்ச்சியோடு குடிப்பேன். அந்நாட்டில் அதுவன்றோ வழக்கம். இவற்றையெல்லாம் தமக்கையாரிடம் சென்று சொன்னேன். அவர் முறத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். கொட்டையைத் தள்ளியபடியே கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

"போறதுன்னா சும்மா நின்னுட்டு வராதே," என்றார் பிறகு. "நாளுக்கு என்ன கூலின்னு கேளு. சின்னப் பிள்ளைங்களை இறக்குறாங்களான்னு பாரு. காலுக்கு பூட்ஸ் குடுக்குறாங்களா, அப்பா மாதிரி வெறுங்காலா? அப்புறம், ராத்திரி கைக்கு என்ன தடவுறாங்கன்னு கேட்டுட்டு வா. நாம விளக்கெண்ணெய் போட்டோம். அதுக்கு அப்பாவுக்கு வெடிப்பு ஆறவே இல்லை."

வேறு எதை விட்டாலும் இந்தக் கடைசிக் கேள்வியை விடுவதற்கில்லை. சவூதியில் இருபது ஆண்டுகள் இருந்து வந்த எங்கள் தெரு நண்பர் அதை அரபியில் எனக்குச் சொல்லித் தந்தார். ஆனால் மொரோக்கோ மக்கள் பேசும் அரபி வேறு. தாரிஜா என்று பெயர். இவர் சொல்லித் தருவது அங்கே விளங்குமோ விளங்காதோ. மகள் தன் மருத்துவமனையில் மொரோக்கோவைச் சேர்ந்த தோழி ஒருத்தியைத் தேடிப் பிடித்து, அவள் குரலிலேயே அந்தக் கேள்வியைப் பதிவு செய்து கைப்பேசியில் அனுப்பியிருக்கிறாள். காலையும் மாலையும் அதை ஓடவிட்டுப் பின்னாலேயே சொல்லிப் பழகுகிறேன். நாக்கு இன்னும் இடறுகிறது. ஏப்ரலுக்கு நாள் இருக்கிறது.